லிங்க் இருக்கிற யாரும் திறக்கலாம்

நேற்று வரைக்கும் சொன்ன பேச்சு கேட்ட லிங்க், இன்று அழுத்தியதும் வெறும் வெள்ளைப் பக்கமாக நின்றது. மேலே பிரௌசர் டேபில் மட்டும் 'வீடு தொலைச்ச நத்தை' என்ற தலைப்பு ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. மூடித் திறந்தாள். மறுபடியும் வந்தது, போனது.

வேறு லிங்க் என்றால், போய்த் தொலை என்று விட்டிருப்பாள். இது அப்படி விடக்கூடியதா? அவளும் மகளும் சேர்ந்து எழுதிய கதை. சரக்கு புக்கிங் ஆபீஸில் வேலைக்கு நடுவே மேனேஜர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவள் ஒரு வரி எழுதுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டிலிருந்து மகள் அடுத்த வரி எழுதுவாள். நத்தையைப் பாதி வழியில் விட்டுவிட்டு, ஒரே காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. கதை இருந்தது பள்ளிக்கூடம் மகளுக்குக் கொடுத்திருந்த இணையக் கணக்கில். அதை இன்று மாலையோடு நீக்கப்போவதாக மெயில் வந்திருந்தது. அதற்குள் தன் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்காவிட்டால் பிள்ளையின் ஒரு வரிகூட அவளிடம் மிஞ்சாது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. ஃபிரிட்ஜின் முனகலும், மூடிக் கிடந்த மகளின் அறைக்குள் ஜன்னல் கண்ணாடி காற்றில் லேசாக அதிரும் சத்தமும் மட்டும்தான். ஆபீஸில் எல்லோரும் 'வைத்தியர்' என்று கூப்பிடும் சிஸ்டம்காரனுக்கு போன் போட்டாள்.

"பயப்படாதீங்கக்கா. பிரௌசர்ல சேர்ந்திருக்கிற குப்பையைத் துடைங்க. எல்லாக் கணக்குலேர்ந்தும் வெளிய வந்துட்டு, உங்க கணக்குல மட்டும் மறுபடி நுழைங்க."

செய்தாள். இந்தத் தடவை பக்கம் வாயைத் திறந்தது: 'உங்களுக்கு அனுமதி இல்லை. உரிமையாளரிடம் கேளுங்கள்.'

"ஓனர் யாருக்கா?"

"பாப்பாதான், தம்பி."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எதுக்கும் அந்த அனுமதி கேக்கிற பட்டனை அழுத்தி வைங்கக்கா. ஸ்கூல்ல யாராவது பார்த்துத் திறந்து விடலாம். திறந்துச்சுன்னா முதல் வேலையா, 'லிங்க் இருக்கிற யாரும் திறக்கலாம், எழுதலாம்'னு மாத்திடுங்க. அப்புறம் இந்தத் தலைவலியே இருக்காது."

போனை வைத்துவிட்டு, கேட்கும் பொத்தானை அழுத்தினாள். மவுசிலிருந்து விரலை எடுக்கக்கூட இல்லை. திறந்துவிட்டது.

எந்த மகராசன் திறந்தானோ, நன்றாக இருக்கட்டும்! அவசர அவசரமாகப் பகிர்வுக்குள் போய், வைத்தியர் சொன்னபடியே யாரும் திறக்கலாம், எழுதலாம் என்று மாற்றினாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். அடுத்து கதையை இறக்க வேண்டும். கையை நகர்த்தும்போதுதான் மேல் மூலையில் அந்த ஆரஞ்சு வட்டத்தைப் பார்த்தாள். முன்பல் விழுந்த வாயோடு மகள் சிரிக்கும் படம்.

அந்த வட்டம் தெரிந்தால் அந்த ஆள் உள்ளே இருப்பதாக அர்த்தம்.

அறையில் இருமல் மருந்து வாடை அடித்தது. அவள் எழுதிய கடைசி வரிக்குக் கீழே ஆரஞ்சு நிறக் கர்சர் நின்று நின்று நகர்ந்தது.

'அம்மா வந்துட்டியா'

அழுகை வந்த வேகத்தில் எழுத்தே தெரியவில்லை. தடவித் தடவித் தட்டினாள். 'வந்துட்டேன்டா கண்ணு. எங்கடா இருக்க?'

'இங்கதான். கதைக்குள்ள. நான்தான் பூட்டி வச்சிருந்தேன். உனக்கு மட்டும் திறந்தேன்.'

கர்சர் தயங்கியது.

'ஏம்மா எல்லாருக்கும் திறந்து விட்ட?'

மூலையில் இன்னொரு வட்டம் வந்தது. சாம்பல் நிறம். படம் இல்லை. பெயரும் இல்லை.

கதையின் அடியில் சாம்பல் கர்சர் ஒன்று முளைத்தது. அது எதுவும் எழுதவில்லை. அழித்தது. மகளின் கேள்வியை ஒவ்வொரு எழுத்தாக, பின்னாலிருந்து. அவசரமே இல்லாமல்.

ஐயோ. பகிர்வுக்கு ஓடினாள். அழுத்தினாள். அமுங்கவில்லை. எழுதிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் விழவில்லை. மேலே புதிதாக ஒரு வரி: 'உங்களால் பார்க்க மட்டுமே முடியும்.'

சாம்பல் மேலே ஏறியது. ஆரஞ்சு ஒரு வரி மேலே தாவியது. நத்தை ஆற்றங்கரையில் அழுத வரி போனது. நத்தைக்கு மழை குடை பிடித்த வரி போனது. ஆரஞ்சு இன்னும் மேலே.

'அம்மா'

அழிந்தது.

'அம்மா'

பாதியில் அழிந்தது.

"பாப்பா! பாப்பா!" திரையைப் பிடித்து உலுக்கினாள். மூடிவிடலாம். ஒரு தட்டு போதும். கை போகவில்லை. மூடினால் பிள்ளை அதோடு தனியாக இருக்கும்.

தலைப்பும் போனது. பக்கம் முழுக்க வெள்ளை. அதற்கு மேல் ஏற இடமில்லாமல், முதல் எழுத்து இருந்த மூலையில் ஆரஞ்சுக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. சாம்பல் மெதுவாக வந்து, அதை ஒட்டி நின்றது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.