நனைந்த சில்லு

இறக்காமத்தில் மாமியைப் பார்த்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்பும் வழியில், காரின் பின்னால் இடப்பக்கத்தில், ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. நதீரா வேகத்தைக் குறைத்தாள். சத்தம் குறையவில்லை. அதே நிதானத்தில் அடித்துக்கொண்டே வந்தது.

ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினாள். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஒருபுறம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல் வட்டை, மறுபுறம் விளிம்புவரை நிறைந்து ஓடும் வாய்க்கால். சேற்று வாடையும் வயலுக்கு அடித்த கிருமிநாசினி வாடையும் காற்றில் கலந்து கிடந்தன. பின் ஆசனத்தில் மகள் ஹிக்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

டயர் தரையோடு சப்பையாகிக் கிடந்தது. அவள் கணவனுக்கு போன் எடுத்தாள்.

"டிக்கியத் தொறந்து அந்த மருந்துப் போத்தல எடு புள்ள. ஓட்டைக்குள்ள அதுதான் போய் அடைக்கும்," என்றான் றிபாஸ்.

"ஆணி ஒண்டையும் காணல்ல. டயர்ட பக்கத்தில கிழிஞ்சிருக்கு. கத்தியால கீறின மாதிரி."

"பக்கத்திலயா? அப்ப மருந்து அடிச்சும் வேலையில்ல. நிக்காது. நான் தம்பி றிபாத்ட கார எடுத்திட்டு வாறன். அதுவும் நம்மட கார் மாதிரித்தான், அதிலயும் ஸ்பேர் சில்லு இல்ல. எங்கயாச்சும் ஒண்டு இரவல் வாங்கப் பாக்கன். நீ உள்ளுக்கு ஏறிக் கதவப் பூட்டு. காட்டு ஆன வாற நேரம்."

"கெதியா வாங்க."

உள்ளே ஏறிப் பூட்டிக்கொண்டாள். இந்தக் காரை வாங்கிய அன்றே அவள் கேட்டிருந்தாள், மெல்லிய தற்காலிகச் சில்லு ஒன்றையாவது வைக்க முடியாதா என்று. ஹைபிரிட் பற்றரி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது, பாரம் குறைந்தால் பெற்றோலும் மிச்சம் என்று விற்றவன் சிரித்தான். றிபாஸும் சேர்ந்து சிரித்தான்.

ஆனால் இப்போது அவளை அரித்தது அந்தக் கீறல். ஒரு விரல் நீளம், நேராக. மாமி வீட்டு முற்றத்தில்தான் கார் நின்றது. படலை பூட்டியிருந்தது. வரும் வழியில் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. யாருக்கு என்ன பகை? அல்லது, இந்த இடத்தில் அவள் நிற்கவேண்டும் என்று யாருக்கோ ஒரு தேவையா?

அப்போது தார் வீதியில் றப்பர் உருளும் சத்தம் கேட்டது.

கல்முனைப் பக்கமிருந்து ஒரு மனிதன் ஒரு சில்லை உருட்டிக்கொண்டு வந்தான். சைக்கிளும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. சாரமும் நீளக்கைச் சட்டையும் அணிந்திருந்தான். மங்கல் வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. நேரே அவளுடைய காருக்கு வந்தான். நதீரா கண்ணாடியை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கினாள்.

"றிபாஸ் சில்லுக் குடுத்து அனுப்பினாரு."

"அவரு எங்க?"

"அங்கதான் நிக்காரு."

"நீங்க ஆரு?"

"எறங்கத் தேவல்ல. இரிங்க," என்று பின்பக்கம் போனான்.

றிபாஸ் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு இப்போதுதான் சம்மாந்துறையைத் தாண்டியிருப்பான். அதற்குள் எப்படிச் சில்லு வந்தது? பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். அவளுடைய காரில் இருப்பதைப்போன்ற அதே சில்லு, அதே ஐந்து வெள்ளிக் கம்பிகள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கம்பிகளுக்கிடையில் நீர்ப்பாசி தொங்கியது. மழை பெய்து எத்தனையோ நாள்.

றிபாஸுக்கு அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

கார் அசைந்தது. பின்புறம் இடப்பக்கம் மெல்ல மேலெழுந்தது. ஜக் வைக்கும் சத்தம் இல்லை. இரும்பு இரும்பில் உரசும் சத்தம் இல்லை. சும்மா எழுந்தது.

ஹிக்மா கண் விழித்துப் இடப்பக்க ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தாள்.

"உம்மா, அந்த மாமாட கையில ஒண்டுமில்லயே. வெரலாலதான் நட்டக் கழட்டுறாரு."

"இஞ்சால பாருங்க மகள். அங்க பாக்க வேணாம்."

கிறீச். நனைந்த மரம் முறுகுவதுபோல. இன்னொன்று. இன்னொன்று. நதீரா வாய்க்குள் ஓதிய ஆயத்துல் குர்ஸி பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அறுந்தது. கழற்றிப் போட்டது எந்தச் சில்லை? நட்டுகளை இறுக்குகிறானா, தளர்த்துகிறானா?

கார் கீழே இறங்கியது.

அவன் ஜன்னலருகே வந்து நின்றான். கண்ணாடி இடுக்கில் சேற்று வாடை. சட்டைக் கையிலிருந்து நீர் வழிந்து கதவில் ஓடியது.

"போங்க. வளைவில மெதுவாப் போங்க."

அவள் போனாள். சில்லு கழன்றுவிடும் என்று ஒவ்வொரு கணமும் காத்திருந்தாள். கழலவில்லை. சத்தமே இல்லாமல் வழுவழுவென்று ஓடியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். மனிதனைக் காணவில்லை. கிழிந்த சில்லு மட்டும் வீதி நடுவே, சாயாமல், தனியாக நிமிர்ந்து நின்றது.

வளைவு வந்தது.

வாய்க்கால் கட்டில் புல் பிய்ந்து, பச்சை மண் கிழிபட்டிருந்தது. ஒரு கார் தலைகுப்புறச் சரிந்து தண்ணீருக்குள் கிடந்தது. முன்விளக்குகள் அடியில் இன்னும் எரிந்தன. தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது. மேலே தூக்கி நின்ற பின்பக்கத்தில் வலப்புறம் ஒரு சில்லு. இடப்புறம் வெறும் இரும்பு.

றிபாத்தின் கார்.

நதீராவின் கால் பிரேக்கில் இறங்கியது. கதவைத் திறக்கப் போன கை பாதியில் நின்றது. மடியில் போன் அடித்தது. திரையில் றிபாஸ் என்ற பெயர். அவளுடைய விரல் தானாக அதைத் தொட்டது.

"சில்லு வந்து சேந்திட்டா புள்ள?"

அதே குரல். அதே அமைதி.

"உம்மா," என்றாள் ஹிக்மா, கண்ணாடியில் கையை வைத்து. "வாப்பா."

தண்ணீருக்கடியில், சாரதி ஆசனத்துக் கண்ணாடியோடு ஒரு முகம் வெளிறி ஒட்டியிருந்தது. காதோரம் ஒரு போன் வெளிச்சம். கண்கள் திறந்திருந்தன.

"புள்ள? கதைக்க மாட்டியா?"

ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே உதடுகள் அசைந்தன. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.