பெட்டியில் இல்லாத ஹங்கேரிக் காசு

1912-ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை. பாளையங்கோட்டை வாத்தியார் பாக்கியசீலன் மேலப்பாளையத்துக்கு வந்து, ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் முகம்மது மைதீனிடம் ஒரு மரப்பெட்டியை நீட்டினார். வெள்ளிக்கிழமைதான் பிள்ளையைப் புதைத்திருந்தார். பட்ட காலிலே படும் என்பது சும்மாவா?

"மலையில செடி சேகரிக்க வந்த ஹங்கேரித் துரை நம்பிக் குடுத்த காசுகள் அய்யா. பன்னிரண்டுல ஒண்ணைக் காணோம். வீடு பெருக்குத சுடலைக்கண்ணுவை போலீஸ்காரங்க கொண்டு போயிட்டாவ. நாளைக்குக் கோர்ட்டு. அவன் எடுத்திருக்க மாட்டான். எடுத்தது யாரா இருந்தாலும் நானே பிடிச்சுக் குடுப்பேன்."

மைதீன் காசுகளைப் புரட்டினார். நானூறு ஆண்டுகளுக்கு முன் சம்மட்டியால் ஒவ்வொன்றாக அடித்த வெள்ளிக் காசுகள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை, வட்டமும் சரியில்லை, அரசிலைபோல் மெல்லிசு.

"விக்கத்தான் எடுத்திருக்கான் அண்ணாச்சி," என்றார் வன்னியராஜ். மைதீனிடம் ஏட்டாக இருந்தவர், அவசரக்காரர்.

"பெரிய காசெல்லாம் கிடக்கே வே. இருக்கதுலயே சின்னதை எவன் எடுப்பான்?"

துரையின் பட்டியலில் அந்தச் சின்னக் காசுக்கு எதிரே, 'மரியாள், மடியில் பாலகன்' என்றிருந்தது.

மூவரும் வாத்தியார் வீட்டுக்குப் போனார்கள். மேசையில் ஆணி இறங்கிய புது வடு. அதற்குள் வெள்ளித் துகள். வாத்தியாரின் மனைவி கிரேஸ் மூலையில் உட்கார்ந்து ஒரு துண்டுக் கறுப்புக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மைதீன் வாத்தியாரை வாசலுக்கு அழைத்து வந்தார்.

"காசுல ஓட்டை போட்டிருக்கு வாத்தியாரே. அவ்வளவு மெல்லிசுக்கு ஓர் ஆணி போதும். பிள்ளை இடுப்புல கட்டத்தான்."

"நாங்க புராட்டஸ்டண்டு சபை, தாயத்துக் கட்டுத ஆளுக இல்லையே அய்யா."

"அதனாலதான் உங்ககிட்ட சொல்லல. வைத்தியர் கைவிட்டாச்சு. மாதாகோயிலுக்குப் போக நீங்க விடமாட்டீங்க. பெட்டிக்குள்ளேயே ஒரு மாதா இருந்தா. பிள்ளையைக் குளிப்பாட்டி உடுத்தினது யாரு?"

"அவதான். யாரையும் தொட விடல." வாத்தியார் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ காசு பிள்ளையோட..." என்றார் வன்னியராஜ்.

"நடந்ததை நான் எழுதிக் குடுத்தா சுடலைக்கண்ணுவை விடுவாங்களா அய்யா?" என்றார் வாத்தியார்.

"காசைக் கண்ணுல காட்டாம விடமாட்டாவ. முப்பது வருஷம் நானே விட்டதில்லையே."

கிரேஸ் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"குழியைத் தோண்டுவாங்களேன்னுதான் வாயைத் திறக்கல," என்றாள். "சுடலைக்கண்ணுக்கும் பிள்ளைங்க இருக்கு. வாங்க, போவோம். கயித்தை மட்டும் அறுத்துராதீங்க. முடிச்சு நான் போட்டது. பைய நானே அவுத்துருதேன்."