திரையில் தவறான தேதி

காலை பத்து மணிக்கு மனைவி அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். காலி. கணவர் சாகும்வரை தட்டித் தட்டி எழுதியதில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

பத்தரைக்கு மாடிவீட்டு இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். ஓய்வு பெற்றும் விசாரணைப் புத்தி போகாத பெண்மணி. கொலை, கொள்ளை எல்லாம் பார்த்தவருக்கு எழுத்து காணாமல் போன கேஸ் இதுதான் முதல் தடவை.

மேஜைமேல் இருந்தது, கீபோர்டும் சின்னத் திரையும் ஒட்டிப் பிறந்த, அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். பக்கத்தில், எழுதியதை டேப்பில் பதிந்து வைக்க ஒரு கேசட் ரெக்கார்டர். பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போனபின், அவர் இடது கை விரல் ஒன்றால் இதில்தான் எழுதினார். "நான் போனப்புறம் படி" என்று மனைவிக்குத் திரையில் காட்டியும் இருந்தார்.

"இவதான் அழிச்சா!" மனைவி மகளைக் காட்டினாள். "குட்டி குட்டின்னு கொஞ்சி வளர்த்த அப்பா படுத்துக் கிடந்தப்ப எட்டிக்கூடப் பார்க்கல. தன்னைப் பத்தி என்ன எழுதினாரோன்னு பயம். போன வாரம் அடக்கம் முடிஞ்ச அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு இதுக்கு முன்னாடிதான் உட்கார்ந்திருந்தா."

"பார்த்தேன். அழிக்கல," என்றாள் மகள்.

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

இன்ஸ்பெக்டருக்கு மூக்கில் வியர்த்தது. பட்டன்கள் புதுசாய்ப் பளபளத்தன. திரை மூலையில் ஜனவரி நான்கு என்றிருந்தது. வெளியே மழைக்காலம்.

"தேதி எப்பவுமே இப்படித் தப்பா காட்டுமா?"

"சேச்சே! அதைப் பார்த்துத்தான் மாத்திரையே போட்டுக்குவார்."

"இதைத் துடைச்சது யாரு?"

"அவரோட சிநேகிதர். பழைய கம்ப்யூட்டர் சங்கத்துக்காரர். மூணு நாள் முன்னாடி எடுத்துட்டுப் போய், சுத்தம் பண்ணி மறுநாளே கொண்டு வந்தார். தங்கமான மனுஷன்."

பதினொரு மணிக்குத் தங்கமான மனுஷன் வந்தார். கக்கத்தில் அச்சு அசலாய் அதே உருவத்தில் ஒரு புதுப்பெட்டி.

"வெளிய பழசு, உள்ள எல்லாம் புதுசு. அவன் இதைத் தொடவே மாட்டேன்னு கடைசிவரைக்கும் எங்கூடச் சண்டை போட்டான் மேடம்."

"பழசை என்ன செஞ்சீங்க?"

"உள்ள பேட்டரி கசிஞ்சிருந்தது. விட்டா சர்க்யூட் போர்டையே அரிச்சிடும். கழட்டிட்டுப் புதுசு வெச்சேன்."

"அவர் எழுதினது?"

"டேப்புல இருக்குமே! சேமிக்காம அவன் தூங்கவே மாட்டான்."

கேசட்டை ஓட்டினார்கள். எதுவுமே பதிவாகியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ரெக்கார்டரில் பதிவுக்கான இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பார்த்தார். விறைப்பாக இருந்தன, இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"உங்க சிநேகிதருக்கு ஒரு கைதானே இருந்தது?" என்றார் மெதுவாக. "டேப்புல பதிஞ்சிருக்கவே முடியாது. அழிக்க நினைக்கிறவங்க எழுத்தை அழிப்பாங்க. கடிகாரத்தை எதுக்குத் தொடணும்? எழுத்து, கடிகாரம் ரெண்டும் அந்த ஒரே பேட்டரியிலதான் உயிரோட இருந்திருக்கு. புது பேட்டரி போட்டதும் கடிகாரம் ஜனவரி ஒண்ணுலேர்ந்து ஓட ஆரம்பிச்சிருக்கு. இன்னிக்கு நாலு. மூணு நாள் முன்னாடி இது உங்க வீட்டுல இருந்தது. பொண்ணு மேல தப்பில்ல."

சிநேகிதர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லது பண்றேன்னுதானே மேடம்..."

"மீட்க முடியுமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். முடியாது.

மனைவி மகளின் கையைப் பிடித்தாள். "நீ பார்த்தியே... என்னடி எழுதியிருந்தார்?"

"முதல் வரிதாம்மா படிச்சேன். அதுக்கு மேல தைரியம் வரல. அணைச்சிட்டேன்."

"அந்த ஒரு வரியையாவது சொல்லு."

மகளுக்கு அழுகையில் வாய் கோணியது.

"'குட்டி வந்துட்டாளா?'ன்னு இருந்தது."