முன்முனையில் ஆள் மாற்றம்

"நான் இன்னும் சாப்பிட்டே முடிக்கல, நான் எப்படி அத்தான் அங்க வந்து..."

"வந்த! என் கையிலேர்ந்து வாக்கிடாக்கியை வாங்குன!"

"நின்னுக்கிட்டே தூங்குற ஆளு நீங்க, கனவு கண்டுட்டு என்னைப் போட்டு..."

"மஞ்சக் கோட்டு, தலை வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டு, என் எதிர்ல நின்னடா! உங்கக்கா மேல ஆணை!"

"அக்காவை எதுக்கு இழுக்கறீங்க?"

கப்பலின் சாப்பாட்டு அறைக் கடிகாரம் பகல் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் காட்டியது. நெட்டையன் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான். பன்னிரண்டுக்கு முன்முனைக் காவலில் அவனை மாற்றவேண்டிய மச்சான், அவன் மனைவியின் தம்பி, கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

சமையல்காரர் விரல் மடக்கி எண்ணினார். "சுக்கான் அறையில மூணு. கீழ இயந்திரத்துல அஞ்சு. இங்க பன்னெண்டு. இருபதுக்கு இருபது. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

சரியாக இருந்ததுதான் சிக்கல். அப்படியானால் அங்கே நிற்பது யார்?

விடியற்காலை முதல் மூடுபனி. அடுக்கடுக்காக நிற்கும் சரக்குப் பெட்டிகளைத் தாண்டி மேலே சுக்கான் அறையிலிருந்து கடல் தெரியாது. அதனால்தான் கப்பலின் மூக்கில் ஒருவன் தனியே நின்று, கண்ணும் காதுமாக இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாக்கிடாக்கியில் சொல்லவேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கப்பலின் எச்சரிக்கைச் சங்கு ஊதும். சங்கு ஊதும்போது ஆள் மாறக் கூடாது. வந்தவன் தன் பெயரைச் சொல்லி, முன்னால் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே காவலை ஒப்படைக்கவேண்டும். கப்பலேறிய முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம் அது. இன்று அந்த மஞ்சள் கோட்டு வந்தபோது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. முக்காட்டுக்குள் வாய் அசைந்தது. பெயரைத்தான் சொல்கிறான் என்று நெட்டையன் நினைத்துக்கொண்டான். முழங்கால் விறைத்துப் போயிருந்தது. பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டானே, புண்ணியவான், என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்துச் சுக்கான் அறையைக் கூப்பிட்டான்.

"ஏன்யா கத்துற?" என்றார் அதிகாரி. "முன்னாடி ஒண்ணுமில்லன்னு ஒழுங்காத்தான் சொல்லிட்டிருக்கான். குரல்தான் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு. மத்தபடி உன்னைவிடத் தேவலாம்."

மச்சான் எழுந்தான். மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு, அக்கா பின்னிக் கொடுத்த சிவப்புக் கையுறைகளை மாட்டினான். "எந்த எமகாதகன்னு நான் பாத்துட்டு வர்றேன். என் தட்டை எவனாவது தொட்டீங்க, கடல்ல தூக்கிப் போட்ருவேன்."

"இருடா, சேந்தே போலாம்."

அவன் கதவைத் தாண்டிவிட்டான். கிளம்பும் நாளில் மனைவி வாசலில் நின்று சொன்னது நெட்டையனின் காதில் ஒலித்தது: அவனை உங்ககிட்டதான் ஒப்படைக்கிறேன். நீங்கதான் திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும்.

ஓடினான். வெளியே பால் மாதிரி வெளிச்சம். இருட்டாக இருந்தாலாவது கண் எதையாவது தேடும், இந்த வெள்ளையில் தன் கையே தனக்கு முளைத்ததா என்று சந்தேகமாக இருந்தது. பெட்டிகளின் இடுக்குகளில் சங்கிலிகள் முனகின. துருவும் எண்ணெயும் கலந்த வழக்கமான வாடைக்கு நடுவே, ரொம்ப நாள் மூடிவைத்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தது போன்ற ஒரு நாற்றம் முன்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

"மச்சான்!"

சங்கு ஊதியது. பற்கள் அதிர்ந்தன.

சங்கு நின்றது.

தரையில் ஈரத் தடங்கள். வெறுங்கால் தடங்கள். கம்பித்தடுப்பைத் தாண்டி, கடல் பக்கமிருந்து உள்ளே வந்தவை.

மூக்குமுனை.

இரண்டு மஞ்சள் கோட்டுகள். எதிரும் புதிருமாக. ஒன்று வாக்கிடாக்கியை நீட்டியது. சிவப்புக் கையுறை அதை வாங்கியது.

"வாங்காதடா!"

சங்கு அவன் குரலை விழுங்கியது. சிவப்புக் கையுறை போட்டவன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். அசையவில்லை. தோள்கூட ஏறி இறங்கவில்லை. அவன் கோட்டின் நுனியிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

மற்றது நெட்டையனை நோக்கி நடந்து வந்தது. வெறுங்கால். ஊறிப்போன வெள்ளை விரல்கள். காவல் முடிந்தவன் நடக்கிற, அவசரமில்லாத நடை.

பக்கத்தில் வந்து, அவன் தோளில் கை போட்டது. முக்காட்டுக்குள்ளிருந்து மச்சானின் குரல்.

"ஆள் மாத்தியாச்சு அத்தான். என் தட்டு அங்கயேதான இருக்கு?"