ஒரு சரிவுக்கு ஒரு ஈரமுள்

ஆவணி பிறந்து பதினெட்டு நாளாகியும் கரட்டுச் சரிவுக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குழாயடிக் கம்பத்து மின்பலகை மட்டும் தினமும் விடிந்ததும் ஒன்றையே எழுதிக் காட்டியது: ஈரம் போதும்.

சென்றாயன் அதன் கீழே நின்று காறித் துப்பினார். கடலைச் செடி கருகிக்கொண்டிருக்கிறது, ஈரம் போதுமாம்.

முன்பு மடை திறக்க ஓர் ஆள் இருந்தான். அவனைத் திட்டலாம், கெஞ்சலாம். இப்போது மலை தொடங்கி ஏரி வரைக்கும் நீர்மூளை என்கிற எந்திரம்தான் திறக்கிறது, மூடுகிறது. மண்ணுக்குள் இடுப்பாழம் இறக்கிய ஈரமுள் அதற்குச் சேதி சொல்லும். எந்த மண் எவ்வளவு குடிக்கும், எத்தனை நாள் தாங்கும் என்று அது தானாகக் கற்றுக்கொண்டு, காய்கிற சரிவுக்குத் தண்ணீர் விடும். ஒரு சரிவுக்கு ஒரு முள்.

முள் இறக்க வந்தவர்களிடம் அன்றைக்கே சென்றாயன் சண்டை போட்டார். என் காட்டிலேயே பத்தடிக்கு ஒரு மண். மேலே சரளை, ஊற்றினால் மறுநாளே வெளுத்துவிடும். கீழே களி, ஒரு வாரம் கால் வைக்க முடியாது. ஒற்றை முள் நாற்பது குடும்பத்துக்கும் எப்படிச் சேதி சொல்லும்? அவர்கள் சராசரி என்று ஏதோ சொன்னார்கள். பிறகு இடம் தேடினார்கள். எங்கே குத்தினாலும் முழங்கை ஆழத்தில் பாறை. அவர் காட்டின் மேற்கு மூலையில்தான் முள் முழுசாக இறங்கியது.

மாசியில் அவர் மனைவி பொம்மி செத்தபோது குழிக்கும் அந்த மூலைதான் கிடைத்தது. சொந்தக் காட்டில் புதைப்பது அவர்கள் வழக்கம். ஆளை இறக்குகிற ஆழம் வேறெங்கும் இல்லை. முள்ளுக்கு ஒரு முழம் தள்ளிப் புதைத்தார்கள்.

கடைசி இரண்டு நாளும் அவள் தண்ணீர் கேட்டாள். வயிற்றில் அறுத்திருக்கிறது, ஒரு வாய்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் கொடுக்கவில்லை. நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தபோது அதைக் கவ்விச் சப்பினாள். அப்படியே போய்விட்டாள். அன்றிலிருந்து தினம் ஒரு குடம் குடிதண்ணீரைக் கொண்டுபோய் அவள் தலைமாட்டில் ஊற்றுகிறார். சித்திரை வெயிலிலும் ஒரு நாள் விட்டதில்லை.

மேல்காட்டு மாதம்மா பொம்மியின் தங்கை. தாலி அறுத்தவள். சரளைக் காட்டுக் கடலைதான் அவளுக்கு வருசத்துச் சோறு. ஒரு காலையில் அவர் குடத்தைக் கவிழ்க்கும்போது வந்து நின்றாள். நனைந்த மண்ணைப் பார்த்தாள், பக்கத்திலிருந்த முள்ளின் தலையைப் பார்த்தாள்.

"மாமா, எந்திரம் பொய் சொல்லல."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வெறுங்குடத்தை முள்ளிலிருந்து தள்ளி வைத்தார்.

"செடி பூவுல நிக்குது. பத்து நாளைக்கி ஊத்தாம இருங்க. அக்கா கோவிச்சுக்க மாட்டா."

"கேட்டாளே புள்ள," என்றார். "அப்பவும் இப்படித்தான் குடுக்காதன்னாங்க."

மாதம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவர் ஊற்றுவதை நிறுத்தினார். அந்த மூலைப் பக்கம் பார்க்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார். ஒன்பதாம் நாள் மண் வெடித்தது. பதினோராம் நாள் பலகையில் எழுத்து கூடியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது, மாதம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். ஈரமுள் பழுது, பழைய கணக்கே தொடரும், ஈரம் போதும் என்று படித்தாள்.

நீர் அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ஆறு மாதமாக, கோடையில்கூட, காயாத மண் அது. திடீரென்று காய்ந்தால் முள்தான் கெட்டிருக்கும் என்று நீர்மூளை முடிவு செய்கிறது. முள் மாற்ற ஆள் வர ஒரு மாதமாகும் என்றாள். சென்றாயன் உள்ளதைச் சொன்னார். நான்தானம்மா ஊற்றினேன், என் பொண்டாட்டிக்கு.

அந்தப் பக்கம் அவள் எதையோ தட்டித் தேடினாள்.

"அத நீர்மூளைக்குச் சொல்ல வழி இல்லீங்க தாத்தா."

புரட்டாசி பாதியாவதற்குள் சரளைக் காடு முழுக்கக் கருகியது. மாதம்மா செடிகளைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டாள். அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

இரண்டு தடவை அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் பொம்மிக்குத் தண்ணீரை மறுத்தாயிற்று. இரண்டு தடவையும் எதுவும் பிழைக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனார். ஊற்றினார். வெடிப்புகள் களக் களக்கென்று குடித்தன. திரும்பிப் போய் இன்னொரு குடம் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை மாதம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு கம்பத்தைத் தாண்டினாள். பலகையில் புதிதாக என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். அவள் நின்று படித்தாள்.

"ஈரமுள் சரியாயிடுச்சாம், மாமா."