அணைத்து வைத்த பிழையூட்டி

கல்யாண மேடையில் மணமக்களுக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்த அன்றுதான் கட்சித் தலைவர் மருதவாணன் மீது மக்களுக்குள்ள நம்பிக்கையை நூற்றுக்கு இத்தனை என்று காட்டும் நம்பிக்கைமானி முதன்முதலாக எண்பதைத் தொட்டது. பேச்சுகளை இயந்திரங்கள் எழுதத் தொடங்கிய பிறகு, பிழையில்லாமல் பேசும் தலைவர்களை மக்கள் நம்புவதில்லை. உளறுகிறவன்தான் மனதில் பட்டதைப் பேசுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ரொம்பப் புத்திசாலிகள். அவர்களுக்காகவே பிழையூட்டி பிறந்தது. காதுக்குப் பின்னால் மிளகளவு கருவி. நேரம் பார்த்து நாக்குக்கு மெல்லிய மின்துடிப்பு அனுப்பும், பேச்சு தடம் புரளும். இது கட்சிகளுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

அதை வடிவமைத்து, மேடைக்குப் பின்னால் இயக்கியவள் எஸ்தர். தென்காசிக் கூட்டத்தன்று மருதவாணன் அவளிடம் வந்தார்.

"இன்னைக்கு அதை அணைச்சிரும்மா. சொந்த ஊரு. ஒரு நாளாவது ஒழுங்கா பேசிப் பாக்கேன்."

அணைத்தாள்.

பத்தாவது நிமிடம் அவர் உளறினார். "நம்ம குளத்தை... குழந்தையை... குடை..." கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. அவருடைய வாயின் வலப்பக்கம் சரிந்தது. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த வலது கை நழுவித் தொங்கியது. எஸ்தர் தன் திரையைப் பார்த்தாள். பிழையூட்டி அணைந்தேதான் இருந்தது.

மாவட்டச் செயலாளர் துரைப்பாண்டியிடம் ஓடினாள். "அண்ணாச்சி, கருவி ஓடல. ஐயாவுக்குப் பக்கவாதம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

அவர் நம்பிக்கைமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தொண்ணூத்திரெண்டு, பாத்தியா? மூணு நாள்ல ஓட்டு. சீக்காளின்னு தெரிஞ்சா எவன் போடுவான்? பேசி முடிக்கட்டும்."

"பேசலியே அண்ணாச்சி! செத்துக்கிட்டு இருக்காரு!"

"பத்து வருஷமா அவரை உளற வச்சது நீதான்னு ஊருக்குச் சொல்லட்டுமா?"

எஸ்தர் தன் திரைக்கே திரும்பிப் போனாள். இரண்டு தொண்டர்கள் பொன்னாடை போர்த்தும் சாக்கில் மருதவாணனைத் தோளோடு பிடித்து நிறுத்தினார்கள். நாற்பது நிமிடம். எதையோ கேட்க முயன்றபடி அவர் எஸ்தர் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிர் பிழைத்தார், அமோகமாக வென்றார். மற்ற கட்சித் தலைவர்கள் எல்லாரும் வாயின் வலப்பக்கத்தைச் சரியவைக்கும் புதுக் கருவி கேட்டு வரிசையில் நின்றார்கள். அதையும் எஸ்தர்தான் வடிவமைத்தாள். 'தென்காசி அளவு' என்று பெயர் வைத்தார்கள்.

நன்றி அறிவிப்புக் கூட்டம் மூன்று மாதம் கழித்து அதே மைதானத்தில் நடந்தது. பிரசாரத்தில் கால் பிசகிவிட்டது என்று சொல்லி மருதவாணனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு செய்தியைச் சொல்லத்தான் அவர் இத்தனை நாளும் தினமும் பயிற்சி எடுத்திருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நெற்றி வியர்த்தது.

"அன்னைக்கு... நான்... உதவி... கேட்டேன். நீங்க... ஏன்... சிரிச்சீங்க?"

அதில் ஒரு பிழையும் இல்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உடனே மைதானமே கண்ணில் நீர் வரச் சிரித்துக் கை தட்டியது. நம்பிக்கைமானி தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது.

துரைப்பாண்டி எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். அவளும் கை தட்டினாள்.