ஐந்தாவது துளை

வண்டி தாழ்ந்து நின்றது.

கொட்டகைக் கதவைத் தள்ளியதும் தெல்மோவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். வெளியே கோடை தொடங்கிய நவம்பர் வெயில் தகரக் கூரையை முறுக்கிப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு சியெஸ்தா என்கிற மதியத் தூக்கத்தில் கிடந்தது. நாயும் குரைக்காத அந்த வேளையில், கிரீஸும் புதுப் பெயிண்டும், என்ன தேய்த்தும் போகாத பழைய எலுமிச்சை வாசமும் கலந்த அரை இருட்டுக்குள், அவர் ஒரு வருஷமாகத் திருகு திருகாகக் கழற்றித் திரும்பப் பூட்டிய ராணுவ ஜீப், வயிறு முட்டத் தின்றுவிட்டு எழ முடியாத மாடு மாதிரி பின்பக்கமாகக் குந்தியிருந்தது.

பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தார். போன வாரம் நாலு விரலை அடுக்கி வைத்தால் கச்சிதமாக நின்ற இடம். இப்போது மூன்றுதான் போனது.

பின்னால் போய் எட்டிப் பார்த்தார். எதிரெதிரே இரண்டு நீளப் பலகை இருக்கைகள். நடுவில் சுத்தமான இரும்புத் தரை. ஒரு சாக்குத் துணிகூட இல்லை.

"ஸ்பிரிங் பட்டைக்கு வயசாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல," என்று சத்தமாகச் சொன்னார். சொன்ன பிறகுதான், யாருக்குச் சொன்னோம் என்று யோசித்தார். பட்டைகள் புதிது. அவரே வாங்கிப் போட்டவை.

தெல்மோ அப்ரெகு காலமெல்லாம் துக்குமான் பக்கத்து ஊர்களுக்குப் பல் செட் கட்டிக் கொடுத்தவர். பல் ஒரு மயிரிழை தூக்கலாக இருந்தாலும் வாய் கண்டுபிடித்துவிடும் என்பார். வேலையை விட்ட பிறகு அந்தக் கண்டிப்பு முழுவதும் ஜீப்பின் மேல் இறங்கியது. எலுமிச்சை வியாபாரி ஒருவன் ராணுவ ஏலத்தில் எடுத்து, மஞ்சள் பூசிப் பழம் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி அது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மஞ்சளுக்கு அடியில் பச்சை வந்தது. பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை. இரண்டு பச்சைக்கும் நடுவே, தரையிலிருந்து சேஸ் என்கிற அடிச்சட்டத்துக்கு வழிந்து இறங்கின மாதிரி, காப்பிக் கொட்டை நிறத்தில் ஒரு கறை. அது பெயிண்ட் இல்லை. துரு என்று வைத்துக்கொண்டு தேய்த்துவிட்டார்.

எல்லாம் பிறந்த நாளின் நிலைக்குத் திரும்ப வேண்டும். அதுதான் ஜீப் கிளப்பில் எல்லோருடைய வேதமும். அதனால்தான் அந்தத் துளை அவரை அவ்வளவு உறுத்தியது.

தண்ணீர் வடிய நாலு மூலையிலும், ரப்பர் மூடி போட்ட நாலு துளை. கம்பெனிப் புத்தகத்தில் உள்ளபடி. இதிலோ தரையின் நட்டநடுவில் ஐந்தாவதாக ஒன்று, கட்டை விரல் நுழையுமளவு. துளைக்கருவி போட்டதல்ல. மேலேயிருந்து எதையோ வைத்து அடித்துக் குத்தியது. விளிம்பெல்லாம் கீழ்நோக்கிக் கிழிந்து சுருண்டிருந்தது. சுற்றியிருந்த இரும்பும் தட்டு மாதிரி அதை நோக்கிக் குழிந்திருந்தது.

வெல்டிங் வைக்க வந்த பாச்சி அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். பல் செட் கட்டுகிறவரை "டாக்டரு" என்று கூப்பிடுவது அவன் வழக்கம்.

"டாக்டரே, எவனோ தேவைப்பட்டுத்தான் ஓட்டை போட்டிருக்கான். இருந்துட்டுப் போகட்டுமே."

"புத்தகத்துல நாலுதான்டா. கிளப்புல எவனாவது பாத்தா சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. எத்தனை பல்லு சொத்தைன்னு எண்ணிக்கலாம் நீங்க."

"வாயை மூடிட்டு அதை மூடு."

மூடினான். தெல்மோ சுத்தியலால் குழியைத் தட்டி நிமிர்த்தி, மேலே பச்சை பூசினார். துளை இருந்த சுவடே இல்லை. அதற்கு மறுநாளிலிருந்து வண்டி தாழ ஆரம்பித்தது.

அப்புறம் ஈரம். தரை நடுவில் ஒரு கைக்குட்டை அளவுக்கு, கறுப்பாக, கொஞ்சம் கொழகொழவென்று. மழையில்லை, மேலே கூரை இருக்கிறது. துடைத்தார். துணியை மோந்து பார்த்தபோது, அந்தக் காலத்தில் பல் பிடுங்கிய வாய்களிலிருந்து அவர் முகத்தில் அடித்த சூடான இரும்பு வாசம் வந்தது. துணியைத் தோட்டத்தில் புதைத்தார். ஏன் எரிக்காமல் புதைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் அது தட்டளவு. அதற்கு மறுநாள் இரண்டு இருக்கைக் கால்களையும் தொட்டது.

சாப்பாட்டு மேசையில் மனைவி எல்விரா இறைச்சி அடைத்த எம்பனாடாவைப் பிட்டபடி அவரையே பார்த்தாள்.

"கிழவா, கையில என்ன நாத்தம்?"

"கிரீஸு."

"கிரீஸ் நாத்தம் எனக்குத் தெரியாதா? ஒரு வருஷமா தலகாணியில மோந்துக்கிட்டுத்தானே கெடக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ராணுவம் ஆளுங்களைத் தூக்கிட்டுப் போன அந்த வருஷங்கள்ல இந்த மாதிரி வண்டி தெருவுல வந்தா எங்கம்மா ஓடிப் போய் ஜன்னலைச் சாத்துவா. கரும்புக் காட்டுப் பக்கம் போகும். போகும்போது பாரமாப் போகும், வரும்போது லேசா குதிச்சுக்கிட்டு வரும். சத்தத்தை வெச்சே சொல்லிடலாம்."

"எத்தனையோ வண்டி இருந்துச்சு. இது அதுதான்னு எவன் சொன்னான்?"

"நான் சொல்லலையே. உனக்குத்தான் வேர்க்குது."

அவர் பதில் சொல்லுமுன் மகள் மரிசெல் உள்ளே வந்து அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகள். சனிக்கிழமை கல்யாணம். அந்த ஜீப்பில் பின்னால் நின்றுகொண்டு, முக்காடு பறக்க, அப்பா ஓட்ட, ஊர் நடுவே சர்ச்சுக்குப் போவதென்று பத்திரிகையிலேயே படம் போட்டிருந்தாள்.

"அம்மா, பயமுறுத்தாதே அவரை. அப்பா, ஸ்பிரிங்கு சரியாயிடும்ல?"

"ஆயிடும்," என்றார் தெல்மோ.

சாயங்காலம் பாச்சியை வரவழைத்தார். அவன் மாத்தேத் தேநீர் குடித்த குடுவையை ஜன்னலில் வைத்துவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து சீட்டி அடித்தான்.

"என்ன டாக்டரே, ஊர்ல உள்ள பல்லையெல்லாம் ஏத்தி வெச்சிருக்கீங்களா? பத்துப் பேர் பாரம் மாதிரி இருக்கு."

"காலியாத்தான்டா இருக்கு. வேணும்னா ஏறிப் பாரு."

ஏறவில்லை அவன். மட்கார்டுக்கு அடியில் கையை விட்டுப் பட்டையைத் தடவினான். "பட்டை நல்லாத்தானே இருக்கு... முறியலை, வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான்... சுமந்துக்கிட்டு இருக்கு..."

அப்போது வண்டி அசைந்தது. யாரோ ஏறி உட்கார்ந்து இடம் சரிசெய்துகொள்கிற மாதிரி, ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். பிறகு ஒரே அமுக்காக இறங்கியது.

பாச்சியின் அலறலில் கொட்டகைப் புறாக்களெல்லாம் கிளம்பின. ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே அவன் கை மணிக்கட்டுவரை மாட்டியிருந்தது. தெல்மோ ஜாக்கியை ஏற்ற ஏற்ற, ஏற்றியதற்குச் சமமாக வண்டி இறங்கியது. கடைசியில் பாச்சியே காலை ஊன்றி இழுத்துக்கொண்டான். இரண்டு விரல்கள் கையோடு வரவில்லை.

ரத்தம் மட்கார்டில் தெறித்து, பக்கவாட்டில் வழிந்தது. வழிந்தது கீழே சொட்டவில்லை. விளிம்பில் ஏறி, உள்ளே, தரை நடுவை நோக்கி, எறும்புச் சாரி மாதிரி வரிசையாகப் போனது. தெல்மோ பார்த்தார். பாச்சியும் பார்த்தான்.

மருத்துவமனை வாசலில், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளுத்த உதட்டோடு பாச்சி சொன்னான்: "முதல்ல வண்டியைக் காலி பண்ணுங்க டாக்டரே. அப்புறம் பட்டையைப் பத்திப் பேசலாம்."

மறுநாள் காலையில் தெல்மோ மகளிடம் சொல்லிப் பார்த்தார். "கார்ல போயிடலாம்மா. நல்ல காரா அமர்த்தறேன்."

அவள் அழவில்லை, அழுதிருந்தால் அவர் உறுதியாக இருந்திருப்பார். சிரித்தாள். "சரிப்பா. உங்களால முடியலைன்னா பரவாயில்ல." அந்த 'முடியலைன்னா' அவருக்குள் முள்ளாக நின்றது. ஒரு துளைதானே. மூடியதால் வந்தது, திறந்தால் போய்விடும். தேங்குவதை வடிய விட்டால் போதும். காலி வண்டி லேசாகிவிடும். மகள் ஏறுவாள்.

"கொட்டகைப் பக்கம் மட்டும் வராதே," என்றார். அவள் கைப்பேசியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சியெஸ்தா. எல்விரா குறட்டை விட்டாள். தெல்மோ டிரில்லிங் மிஷினை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். வண்டிக்குள் ஏறி, நின்றுகொண்டே மேலிருந்து துளைப்பது சுலபம். ஏறுவதற்காகக் காலையும் தூக்கினார். கால் பாதியில் நின்றது. பலகை இருக்கைகள் இரண்டும் காலியாக, ஆனால் நடுவில் வளைந்து, சுமந்துகொண்டு இருந்தன.

அடியிலிருந்தே துளைப்பதென்று முடிவு செய்தார். பயந்தவர்தான், முட்டாள் இல்லை. ரயில்பாதைக்குப் போடுகிற கெட்டிக் கட்டைகளை இரண்டு பக்கமும் சேஸுக்கு முட்டுக் கொடுத்தார். ரயிலே போனாலும் அசையாத கட்டை. பிறகு முதுகால் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனார். மண் தரை சில்லென்றிருந்தது. மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பச்சை இரும்பு. அதில் பாச்சியின் வெல்டிங் தழும்பு. அதன் ஓரமாக ஒரு துளி, விழாமல், கனத்துக்கொண்டிருந்தது.

மேலே யாரோ மூச்சு விட்டார்கள்.

என் மூச்சுதான் என்று தெல்மோ நினைத்தார். மூச்சை அடக்கினார். அது நிற்கவில்லை. ஒன்றல்ல, பல. அடக்கி வைத்த, வாய் பொத்திய, மூக்கால் மட்டும் விடுகிற மூச்சுகள்.

மிஷினை அழுத்தினார். இரும்பு கத்தியது. சுருள் சுருளாக உலோகப் பொடி கன்னத்தில் சுட்டது. முனை சட்டென்று மேலே ஏறியது. ஏறினது இரும்பில் அல்ல. மெத்தென்ற எதிலோ. மேலே ஒரு கால் உதறிக்கொண்டது.

உருவினார்.

வடிந்தது. வெதுவெதுப்பாக. முகத்தில், கண்ணில், மூக்கில். திரும்பிக்கொண்டார். காதில் நிறைந்தது. துப்பினார். மறுபடி நிறைந்தது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, குறையாமல், நிற்காமல். முதுகுக்குக் கீழே மண் சேறானது. இதோ வடிகிறது. வடிந்துவிடும். லேசாகிவிடும். அவர் சிரித்தாரோ அழுதாரோ. சேஸ் ஒரு விரல்கூட உயரவில்லை.

இறங்கியது.

கட்டைகள் முறியவில்லை. அப்படியே சேற்றுக்குள் புதைந்தன. மெதுவாக. குறுக்குச் சட்டம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கையால் தள்ளினார். ஒரு விலா எலும்பு, ஈரச் சுள்ளி மாதிரி, உள்ளுக்குள் முறிந்தது. இன்னொன்று.

கொட்டகைக் கதவு கிரீச்சிட்டது.

"அப்பா?"

வெள்ளைச் செருப்புகள். வெள்ளைப் பாவாடையின் விளிம்பை ஒரு கை தூக்கிப் பிடித்திருந்தது.

"தையல்காரம்மா இப்பத்தான் குடுத்துட்டுப் போனாங்க. இவ்வளவு பெரிய பாவாடை ரெண்டு சீட்டுக்கு நடுவுல அடங்குமான்னு பாத்துடறேன். திட்டாதீங்க. எங்க இருக்கீங்க?"

போ என்று கத்த வாயைத் திறந்தார். வாய் நிறைந்தது.

செருப்புகள் பின்படியில் ஏறின. ஒன்று. இரண்டு. நின்றன.

"ஓ... மன்னிச்சுக்குங்க. ஆள் இருக்கறது தெரியலை. கிளப்பா நீங்க?" மரிசெல் சிரித்தாள். "இருட்டுல ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க எல்லாரும்? கொஞ்சம் நகருங்களேன். துணி கசங்கிடும்."

மேலே பலகை முனகியது. வரிசையாக, ஒவ்வொருவராக, நகர்ந்தார்கள்.

"நன்றி. எதுக்குக் கண்ணைக் கட்டியிருக்கீங்க? இது என்ன விளையாட்டு?"

மேலே பட்டுத் துணி சரசரத்தது.

"என்ன விளையாட்டு இது? கையை விடுங்க. விடுங்கங்கறேன். அப்பா!"

தெல்மோவின் தலைமாட்டில் மண்ணில் பூட்ஸ் கால்கள் வந்து நின்றன. இரண்டு. பாலிஷ் போட்ட கறுப்பு. அவசரமே இல்லை அவற்றுக்கு. பின்கதவு மேலே மடிந்தது. சங்கிலி மாட்டிய சத்தம், இந்தப் பக்கம். சங்கிலி மாட்டிய சத்தம், அந்தப் பக்கம். தார்ப்பாய் வார்கள் ஒவ்வொன்றாக இழுபட்டன.

"அப்பா! அப்பா! அப்..."

பூட்ஸ்கள் முன்பக்கம் போயின. முன் இருக்கை ஒருமுறை அமுங்கியது.

தெல்மோவுக்கு அசைக்க முடிந்தது கண்களை மட்டும்தான். அவை துளையைப் பார்த்தன. வடிதல் திடீரென்று மெலிந்தது, நூலானது, சொட்டானது, நின்றது. அந்த ஓட்டை வழியாக வெள்ளைப் பட்டு ஒரு மொட்டு மாதிரி இறங்கி வந்தது. மேலே அவளை எவ்வளவு அழுத்தினார்களோ அவ்வளவு கீழே வந்தது. இறுகியது. முழுவதும் அடைத்துக்கொண்டது. நுனியிலிருந்து சிவப்பு நிதானமாக ஏற ஆரம்பித்தது.

மேலே, இரும்புத் தரையில், மட்டம் உயர்கிற சத்தம். அதில் இரண்டு குதிகால்கள் தப் தப் தப்பென்று அடித்துக்கொண்டே இருந்தன.